குந்தாணி அக்கா பிடித்த அறை

குந்தாணி அக்காவை எனக்குப் பிடிக்காது. எங்கள் சந்தில் வேறு யாரையும்கூடப் பிடிக்காதுதான். ஆனாலும் இந்தம்மா மேல் எனக்குக் கடுப்பு கொஞ்சம் கூடுதல். என் இஸ்திரி வண்டி நிற்கிற இடத்துக்கு நேர் எதிர்க் கதவுக்குப் பின்னால் மாசக்கணக்கில் உட்கார்ந்திருந்தாள். கரிப்புகை உள்ளே வருகிறது என்று தினமும் ஒரு தடவை என் வம்சத்தையே இழுத்துப் போட்டுத் திட்டுவாள். அவள் உரித்துக் குவிக்கிற பூண்டின் வாடை என் வண்டிக்கு வந்து, நான் தேய்த்துக் கொடுத்த சட்டையெல்லாம் அடுப்படியில் கிடந்ததுபோல் நாறுகிறது என்று நாலு பேர் துணியைத் திருப்பி எறிந்தார்கள். அதை யாரும் கேட்கமாட்டார்கள்.

குள்ளமாக, அகலமாக இருப்பாள். உட்கார்ந்துவிட்டால் ஆள் வைத்துத்தான் கிளப்ப வேண்டும். அதனால்தான் குந்தாணி. அவளுடைய சொந்தப் பெயர் அவள் தம்பிக்காவது ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம். முகத்துக்கு நேரே எல்லோரும் அக்கா என்போம், முதுகுக்குப் பின்னால் குந்தாணி. அது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் இன்னும் கொஞ்சம் சத்தமாகத் திட்டுவாள்.

எங்கள் சந்தைப் பற்றிச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது. ஒவ்வொரு வீடும் ஒரே அறை. இரண்டு பாய் விரித்தால் தரை முடிந்துவிடும். மூன்றாவது ஆள் படுத்தால் காலை அடுப்புமேல்தான் வைக்க வேண்டும். பக்கத்து அறைக்காரன் இருமினால் நம் சுவரில் மாட்டிய தட்டு ஆடும். ஒரு குழாய், சந்துக் கோடியில் எல்லோருக்கும் பொதுவாக நாலு கக்கூஸ், அதில் ஒன்றுக்குக் கதவு இல்லை. இந்தச் சீரழிவுக்கும் வெளியே பத்துக் குடும்பம் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு காத்துக்கிடக்கும். பாலத்துக்கு அடியிலிருந்து வருவார்கள், மார்க்கெட் நடைபாதையிலிருந்து வருவார்கள். நகரத்தில் புதுசு புதுசாக மாடி எழும்புகிறது. எங்களுக்கு மட்டும் ஒரு சுவர்கூட எழும்பவில்லை.

யாரிடமும் பத்திரம் கிடையாது. அறை யாருடையது என்று சண்டை வந்தால் கமிட்டிக்காரர் வருவார். கமிட்டி என்று ஒன்று இல்லை, அவர் ஒருத்தர்தான். வெற்று மார்பில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்று ஒன்றே ஒன்றைப் பார்ப்பார். பொழுது சாயும்போது அந்த அறையில் யாருடைய அடுப்பு எரிகிறது? அறை அவர்களுடையது. பூட்டு எவன் வேண்டுமானாலும் போடலாம், பாய் எவன் வேண்டுமானாலும் விரிக்கலாம், அடுப்பு மூட்டிப் பொங்கித் தின்கிறவன்தான் குடியிருக்கிறவன் என்பது அவர் கட்சி. பகலில் வேலைக்குப் போகிறவர்களுக்குப் பூட்டு போதும். பொழுது சாய்ந்தும் அடுப்பு எரியாமல் இருட்டாகக் கிடந்தால், பூட்டை உடைத்து உள்ளே போய் முதலில் அடுப்பைப் பற்ற வைக்கிறவனுக்கு அந்த அறை. கேட்கிறவர்களுக்குக் காட்டுமிராண்டித்தனமாக இருக்கும். எங்களில் முக்கால்வாசிப் பேர் அப்படி நுழைந்தவர்கள்தான், அதனால் யாரும் வாயைத் திறப்பதில்லை.

இதனால் ஒரு சாவுக்குப் போக முடியாது, ஒரு பிரசவத்துக்குப் போக முடியாது, ஆஸ்பத்திரியில் நிம்மதியாக நாலு நாள் படுக்க முடியாது. போயே ஆக வேண்டுமென்றால் அறையில் உட்கார்ந்து அடுப்பு மூட்ட ஓர் ஆள் வேண்டும். உட்கார்ந்த கையோடு அறையையே பிடித்துக்கொள்ளாத ஆளாகவும் இருக்க வேண்டும். அப்படி ஓர் ஆள் எங்கள் சந்தில் இருந்தது, அது குந்தாணி அக்கா.

அவள் கேட்பதெல்லாம் உட்கார்ந்திருக்கிற நாளுக்கு அரிசியும் மண்ணெண்ணெயும்தான். ஓட்டல்காரன் கூலிக்கு உரிக்கக் கொடுக்கிற பூண்டு மூட்டையை அவள் இருக்கும் கதவுக்கே கொண்டுவந்து போட்டுவிடுவான். உரித்து உரித்து விரல் நுனியெல்லாம் தோல் வழண்டு கிடக்கும். வீட்டுக்காரர்கள் திரும்பி வந்து கதவைத் தட்டினால் தன் பாயைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, “திரி கருகிப் போச்சு, மாத்து” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவாள். என் மாமியார் செத்தபோது எங்கள் அறையிலும் உட்கார்ந்தாள். நாங்கள் திரும்பி வந்தபோது பாத்திரமெல்லாம் பளபளவென்று இருந்தது. “உன் பொண்டாட்டி பாத்திரம் தேய்ச்ச லட்சணத்த வெளிய சொல்லாத” என்று சந்தே கேட்கும்படி ஒரு கத்தலும் கிடைத்தது. என் பெண்டாட்டி நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துத்தான் எங்களுக்குச் சோறு. அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

குந்தாணி அக்காவுக்கென்று ஓர் அறை இல்லாமலில்லை. பின் வரிசையில், கடைசிக்கு முந்தின கதவு. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட, மூக்கொழுகிக்கொண்டு நின்ற தம்பியை அவள்தான் அந்த அறையில் வைத்து ஆளாக்கினாள். அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்று வந்த ஓரிருவருக்கும் சொந்தமாக அறை இல்லை. உன் அறைக்கே வந்துவிடுகிறேன் என்று ஒருத்தன் சொன்னான். “என் தம்பி எங்க படுப்பான்?” என்று கேட்டு அவனை அனுப்பிவிட்டாள்.

தம்பி தண்ணீர் லாரியில் கிளீனர். அவனுக்குக் கல்யாணம் ஆனதும் அக்கா கால்மாட்டுக்கு நகர்ந்தாள். முதல் குழந்தை வந்ததும் அலமாரிக்கு அடியில் தலையை விட்டுப் படுத்தாள். இரண்டாவது வந்ததும் தம்பி பெண்டாட்டி பேச்சை ஆரம்பித்தாள்.

“அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க விடற குறட்டையில குழந்தை தூக்கித் தூக்கிப் போடுது.”

தம்பி கூரைத் தகரத்தில் ஓட்டை எண்ணிக்கொண்டிருந்தானாம். அன்றைக்குப் பாயைச் சுருட்டியவள்தான். உட்கார யாராவது கூப்பிட்டால் அந்த அறை. கூப்பிடாத நாளில் தம்பி வாசலுக்கும் சாக்கடைக்கும் நடுவில் இருந்த சிமெண்ட் திட்டில் ஒருக்களித்துப் படுப்பாள். மழை வந்தால் எழுந்து சுவரோரம் நிற்பாள். பிள்ளைகள் இரண்டும் பகலெல்லாம் அத்தை அத்தை என்று அவள் மடியில்தான் கிடக்கும். உள்ளே போய்ப் படுக்கும்போது கதவு சாத்திக்கொள்ளும். சந்தே பார்த்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கென்ன வந்தது என்று நானும் துணி தேய்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

என் வண்டிக்கு எதிர் அறை லாரி டிரைவருடையது. அவன் பெண்டாட்டி பிரசவத்துக்குத் தாய்வீடு போனபோது அக்காவை உட்காரவைத்துவிட்டுப் போனாள். குழந்தைக்கு ஒரு மாசம் ஆனதும் வந்துவிடுகிறேன் என்றாள். டிரைவர் நடுநடுவே வந்து அரிசியும் எண்ணெயும் போட்டுவிட்டுப் போனான். அப்புறம் தூரத்து ரூட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று சொன்னான். அப்புறம் ஆளே காணோம். அரிசியும் நின்றது, எண்ணெயும் நின்றது. அந்தப் பெண்ணும் வரவில்லை. அக்கா பூண்டு உரித்த காசில் தானே எண்ணெய் வாங்கி ஊற்றி அந்த அடுப்பை எரித்தாள்.

ஒருநாள் நான் கரி தட்டிக்கொண்டிருந்தபோது கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வழக்கமான திட்டு வரப்போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டேன்.

“யோவ் இஸ்திரி. நேத்து ராத்திரி கால நீட்டிப் படுத்தேன்யா.”

“அதுக்கென்ன இப்ப?”

“எங்கயும் முட்டல. இந்தப் பக்கம் பொரண்டேன், அந்தப் பக்கம் பொரண்டேன். யாரும் தள்ளிப் படுன்னு சொல்லல. எந்திரிக்கவே மனசு வரல.” பூண்டை முறத்தில் போட்டுப் புடைத்தாள். “இந்தப் பொண்ணு வராமலே போயிட்டா தேவலன்னு தோணுது. பாவம்தான். தோணுது, என்ன பண்றது?”

 எத்தனையோ அறையில் உட்கார்ந்து எழுந்தவள், ஒரு தடவைகூட அப்படிப் பேசிக் கேட்டதில்லை. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள வேண்டாம் என்று வண்டியின் மறுபக்கம் போய்விட்டேன்.

அந்த அறைமேல் கண் வைத்த இன்னொருத்தி தையல்காரி. சந்து முனையில் மிஷின் போட்டிருப்பவள். அவள் மகனுக்குப் பெண் பேசி முடிந்திருந்தது. தனி ரூம் காட்டினால்தான் பெண் அனுப்புவோம், மாமியார் மிஷினுக்கு அடியில் எங்கள் பெண் படுக்காது என்று பெண் வீட்டில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். நியாயம்தான். அதற்குத் தையல்காரி கண்டுபிடித்த வழி, பொழுது சாயும் நேரத்தில் குந்தாணி அக்காவை அறையைவிட்டுக் கிளப்புவது. மனுஷியாகப் பிறந்தவள் கக்கூஸுக்குப் போய்த்தானே ஆக வேண்டும்.

அக்கா அதற்கும் ஒரு வழி வைத்திருந்தாள். பொழுது சாயும் முன்னே அடுப்பைப் பற்றவைத்து, மேலே ஒரு சட்டியில் தண்ணீர் வைத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு ஓடுவாள். அடுப்பு எரிகிறவரை அறை அவள் கையில். தையல்காரி ஒருநாள் கக்கூஸ் வரிசையில் அவளுக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, உள்ளே போனவள் வெளியே வரவேயில்லை. கதவுள்ள மற்ற இரண்டிலும் அவள் சொந்தக்காரிகள். கதவில்லாத நாலாவது அடைத்துக்கொண்டிருந்தது. அக்கா வெளியே நின்று கத்துகிற கத்தல் என் வண்டிவரை கேட்டது. அதற்குள் இங்கே எண்ணெய் தீர்ந்து, சன்னலில் தெரிந்த வெளிச்சம் போய்விட்டது. தையல்காரி மகன் பூட்டை உடைத்துப் பாயோடு உள்ளே போனான். மாப்பிள்ளைக்குக் கையோடு ஒரு தீப்பெட்டி எடுத்துப்போகத் தோன்றவில்லை. என்னிடம் வந்து கேட்டான். நான் இல்லை என்றேன். அக்காவுக்காக அல்ல, அவன் அம்மா எனக்கு ஒரு பாக்கெட் தைத்த விதத்துக்காக.

அக்கா மூச்சிரைக்க வந்து, அவன் விரித்த பாயிலேயே தொப்பென்று உட்கார்ந்தாள். அவன் எழுந்து நின்றதைப் பார்த்தவர்கள், வேறு வழியே இல்லை என்றார்கள். பாட்டிலில் மிச்சமிருந்த எண்ணெயை ஊற்றி அவன் கண்ணெதிரே அடுப்பைப் பற்றவைத்தாள்.

கமிட்டிக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். “அடுப்பு யாரோடது?”

“அவங்களோடது, ஆனா…” என்றான் மாப்பிள்ளை.

“ஆனாவும் இல்ல ஆவன்னாவும் இல்ல. பாய எடு.”

அப்புறம் தையல்காரி ஒரு வாரம் சந்து முழுக்க மண்ணை வாரித் தூற்றினாள்.

இப்படி இருக்கும்போதுதான் தம்பி பெண்டாட்டியின் தங்கைக்குக் கல்யாணம் வந்தது. குடும்பத்தோடு வெளியூர் போக வேண்டும். தம்பி வந்து டிரைவர் அறை வாசலில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். கல்யாணத்துக்கு வாங்கிய புதுச் சட்டையைத் தேய்க்க என்னிடம் கொடுத்திருந்தான், அதனால் நானும் அருகில்தான் நின்றேன்.

“அக்கா, நம்ம ரூமையும் கொஞ்சம் பாத்துக்க. நீ இருக்கும்போது நான் யார்கிட்ட போய்க் கேப்பேன்?”

“நம்ம ரூமா?” என்றாள் அக்கா.

அவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாவியை நீட்டினான். அக்கா கொஞ்சநேரம் அதையே பார்த்துவிட்டு வாங்கி மடியில் செருகிக்கொண்டாள்.

அவர்கள் போனபின் பொழுது சாயும்போதெல்லாம் அவள் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டும். இங்கே அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, வீங்கின முட்டியைப் பிடித்துக்கொண்டு பின் வரிசைக்கு ஓடுவாள். அங்கே பற்றவைத்துவிட்டு இங்கே ஓடி வருவாள். இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டுத் தையல்காரி உட்கார்ந்திருந்தாள், சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுக்கிறாளாம். அக்கா போகும்போது ஒன்று திட்டுவாள், வரும்போது ஒன்று திட்டுவாள்.

தம்பி திரும்பி வர வேண்டிய அன்று மத்தியானம், இடுப்பில் குழந்தையும் தோளில் பையுமாக டிரைவர் பெண்டாட்டி வந்து நின்றாள். குழந்தை எட்டி என் வண்டித் துணியைப் பிடித்து இழுக்கிற அளவுக்கு வளர்ந்திருந்தது. பெண்தான் பாதியாகியிருந்தாள். டிரைவர் எங்கே என்று யாரோ கேட்டதற்கு, அந்தப் பேச்சை எடுக்காதீர்கள் என்றாள். தாய்வீட்டிலும் அண்ணன்காரன் அறையைக் காலி பண்ணு என்று சொல்லிவிட்டானாம். போய்க் கதவைத் தட்டினாள்.

“அக்கா, நான்தான். வந்துட்டேன்.”

உள்ளேயிருந்து அடுப்பு எரிகிற ஓசை மட்டும் கேட்டது. உச்சிவெயிலில் எதற்கு அடுப்பு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“அக்கா?”

“வந்தியா.” குரல் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது. “ஒரு மாசம்னு சொன்ன.”

“என் நெலமை அப்படிக்கா. கதவத் தொறங்க.”

“தொறக்க மாட்டேன். அடுப்பு எரியுது. என் எண்ணெய், என் அடுப்பு.”

சந்தே கூடிவிட்டது. ஆளாளுக்குக் கதவைத் தட்டினார்கள். நன்றி கெட்டவள் என்றார்கள், பச்சைக்குழந்தைக்காரி வயிற்றில் அடிக்கிறாள் என்றார்கள். தையல்காரிதான் எல்லோரிலும் சத்தம். எனக்கும் நெஞ்சு கொதித்தது. ஊரில் கைசுத்தமாக இருந்த ஒருத்தியும் இப்படிப் போனால் இனி நாங்கள் யாரை நம்பி ஒரு சாவுக்குப் போவது?

“நீயெல்லாம் ஒரு மனுஷியாக்கா?” என்று நானும் கத்தினேன்.

“யோவ் இஸ்திரி, உன் ரூமுல உனக்கு முன்னாடி யாரு இருந்தாங்கன்னு சொல்லட்டுமா?”

வாயை மூடிக்கொண்டேன். அப்புறம் அவள் தையல்காரியைக் கேட்டாள், பால்காரனைக் கேட்டாள், முன்வரிசையை ஒவ்வொருத்தராகக் கேட்டாள். எல்லோர் கதையும் அவளுக்குத் தெரியும், எல்லோர் அறையிலும் உட்கார்ந்தவள். கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கதவைவிட்டுத் தள்ளி நின்றது. கமிட்டிக்காரர் வந்து சன்னல் வழியாக அடுப்பைப் பார்த்தார், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், போய்விட்டார்.

டிரைவர் பெண்டாட்டி தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். “என் சாமானெல்லாம் உள்ளதான் இருக்கு. எல்லாம் போச்சு.”

கதவு ஒரு சாண் திறந்தது. பூண்டுநாற்றம் பிடித்த கை ஒன்று ஒரு குண்டானை வெளியே வைத்தது. அடுத்து ஒரு தவலை, அடுக்குகள், தட்டுகள், கரண்டி, அவள் புடவைகள், டிரைவரின் சட்டைகள், எல்லாம் துவைத்து மடித்தது. அவள் எப்போதோ தொலைத்துவிட்டதாகச் சொன்ன மூக்குத்தித் திருகுகூடக் காகிதத்தில் மடித்து வந்தது. ஒரு ஸ்பூன் குறையவில்லை. அறையை மட்டும் திருடினாள். கடைசியாக அந்தக் கை ஒரு சாவியை நீட்டியது.

“பின் வரிசையில கடைசிக்கு முந்தின கதவு. அடுப்புல எண்ணெய் ஊத்தி வச்சிருக்கேன். பொழுது சாயறதுக்குள்ள போய்ப் பத்த வை.”

அந்தப் பெண் அழுகையை நிறுத்தினாள். “அது உங்க தம்பி ரூமுல்ல?”

“எங்கம்மா ரூமு. போ, போ. போற வழியில அந்தத் தையக்காரி ஸ்டூல் போட்டு வச்சிருக்கா, முந்திக்கப் போறா.”

தையல்காரி பதறியடித்துக்கொண்டு கிளம்பினாள். குழந்தைக்காரி அவளுக்கு முன்னால் ஓடினாள். கூட்டமும் வேடிக்கை பார்க்க அந்தப் பக்கம் போய்விட்டது. நான் மட்டும் கதவருகே நின்றேன்.

“ஏன்கா, உனக்கு ரூம்தான வேணும்? நீயே போய் அதுல உக்காந்துக்கலாம்ல? இதக் குடுத்துட்டுப் போனா உன் பேராவது மிஞ்சும்.”

உள்ளே முறத்தில் பூண்டு புடைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் சாதாரணமாகவே பேசினாள்.

“அங்க போனா அவன் வந்து அக்கான்னு கூப்புடுவான்யா. நான் நகந்து படுத்துடுவேன். என்னப் பத்தி எனக்குத் தெரியாதா?”

சாயங்காலம் தம்பி குடும்பம் வந்தது. நான் தேய்த்துக் கொடுத்த சட்டை கசங்கிப் போயிருந்தது. நேராகப் பின் வரிசைக்குப் போனார்கள். அங்கிருந்து வந்த கூச்சலில் தம்பி பெண்டாட்டி குரல்தான் மேலே நின்றது. கமிட்டிக்காரர் மறுபடி வந்து, உள்ளே குழந்தைக்காரி மூட்டிய அடுப்பைப் பார்த்து, மறுபடி போனார். கடைசியில் நாலு பேரும் மூட்டை முடிச்சோடு எதிர்க்கதவு முன்னால் வந்து நின்றார்கள்.

தம்பி பெண்டாட்டி வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினாள். “நாசமாப் போவீங்க அண்ணி! கூடப் பொறந்தவன நடுத்தெருவுல நிக்க வச்சுட்டீங்களே!”

தம்பி அவளைத் தள்ளிவிட்டுக் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டான். “அக்கா. ஏ அக்கா. பசங்கள எங்க படுக்க வைப்பேன்?”

கதவு திறந்தது. அக்கா வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். அழுதிருக்கிறாள் என்று முகம் காட்டியது.

“பசங்கள உள்ள அனுப்பு.”

பெரியது முதலில் போனது, சின்னது செருப்பைக்கூடக் கழற்றாமல் பின்னாலேயே ஓடியது. இரண்டும் திரும்பிப் பார்க்கவில்லை. தம்பியும் ஒரு காலைப் படியில் வைத்தான். அக்கா அவன் நெஞ்சில் கை வைத்தாள். அவனைச் சின்ன வயதில் குளிப்பாட்டிவிட்ட கை. கோபமாகத் தள்ளவில்லை, வைத்தாள், அவ்வளவுதான். அவன் காலை எடுத்துக்கொண்டான். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே அத்தையிடம் பிள்ளைகள் கல்யாண வீட்டுக் கதை சொல்வது வெளியே கேட்டது.

தம்பி என் வண்டிக் கட்டையில் வந்து உட்கார்ந்து தலையைக் கையில் தாங்கிக்கொண்டான். எனக்கு அவனைப் பார்த்து இரக்கம் வரவில்லை. அக்காமேலும் வரவில்லை. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாததே எனக்குப் பெரிய கோபமாக இருந்தது. ஆறிப்போன பெட்டியை வைத்துக்கொண்டு ஒரே சட்டைக் காலரைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் பெண்டாட்டி உட்காரவில்லை. திட்டுவதை நிறுத்திவிட்டாள். சந்தின் நடுவில் நின்று, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வரிசையாக ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். இந்தக் கதவில் வெளிச்சம் இருந்தது. அடுத்ததில் தாளிக்கிற சத்தம் கேட்டது. அதற்கடுத்ததில் வெளிச்சமும் இல்லை, சத்தமும் இல்லை, பூட்டு தொங்கியது. அங்கே அவள் பார்வை நின்றது. மூட்டைக்குள் கைவிட்டு எதையோ தேடினாள்.

அது என் கதவு. என் பெண்டாட்டி இன்னும் வேலைக்குப் போன வீடுகளிலிருந்து திரும்பவில்லை. வேடிக்கை பார்த்த சுவாரஸ்யத்தில் பொழுது சாய்ந்ததே எனக்குத் தெரியவில்லை. இஸ்திரிப் பெட்டியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினேன். எனக்கு முன்னால் அவள் ஓடிக்கொண்டிருந்தாள்.